மரம் வேலை செய்கிறது

நார்வே மொழியில் சுவர்ப் பலகைகளைப் பற்றி நான் மொழிபெயர்க்க எடுத்த முதல் வாக்கியத்திலேயே ஒரு வலையும் ஒரு இறகும் இருந்தன. 'நூட்', 'ஃப்யேர்' என்று இரண்டு சொற்கள். அந்த நாட்டில் வாழ்ந்த காலத்தில் இரண்டையுமே கேட்டிருக்கிறேன். நூட் என்றால் மீனவர்கள் வளைத்துப் போடும் பெரிய வலை. ஃப்யேர் என்றால் பறவையின் இறகு. வீட்டுச் சுவரில் அடிக்கிற பலகையில் வலை எதற்கு, இறகு எதற்கு? கணினியிடம் கேட்டேன். அது கொஞ்சமும் கூசாமல் 'வலையும் இறகும்' என்றே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது.

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் எங்கள் கடைக்கு மேலே, மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். கீழே காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டி ஒன்று ஐஸ் தண்ணீரைத் தெருவெல்லாம் சொட்டிக்கொண்டு போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விளிம்பில் நீளமாக ஒரு பள்ளம். மறு விளிம்பில் மெல்லிய நீட்டல். ஒரு பலகையின் நீட்டல் அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பள்ளத்துக்கும் வலைக்கும் அவர்கள் மொழியில் ஒரே எழுத்து, ஒரே ஒலி. நம் ஆசாரிகள் அதைக் காடி என்பார்கள். அந்த நீட்டலை ஆங்கிலேயர்கள் நாக்கு என்கிறார்கள். நார்வேக்காரர்கள் இறகு என்கிறார்கள். ஒரே மரத்துண்டு ஒருவன் கண்ணுக்கு நாக்காகவும் இன்னொருவன் கண்ணுக்கு இறகாகவும் தெரிந்திருக்கிறதே என்று வேலையை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நார்வே மொழி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கடை வைத்த குடும்பம். பிளைவுட், ஆணி, கீல், பெவிகால் என்று அப்பா நடத்திய கடையை இப்போது தம்பி நடத்துகிறான். என்னைக் கல்யாணம் செய்துகொண்டவர் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர். அங்கே போய் நகராட்சி வகுப்பில் மொழி படித்தேன். பிறகு ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராக இருந்தேன். உண்மையில் அந்தக் குழந்தைகள்தான் எனக்கு மொழி சொல்லிக் கொடுத்தார்கள். பனி, கையுறை, மூக்குச்சளி, 'அவன் என்னைத் தள்ளிவிட்டான்' எல்லாம் அவர்கள் தந்தவை. கல்யாணம் நிலைக்கவில்லை. பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. இரண்டு பேருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. அவ்வளவுதான். நான் திரும்பி வந்தபோது கையோடு வந்தது இரண்டு பெட்டியும் அந்த மொழியும்தான்.

அந்த மொழி சோறு போடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நார்வே மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படுகிற ஒரு நிறுவனம் என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் மீன் தீவனம், படகு இயந்திரம். அப்புறம் கட்டட வேலை. அதிலும் சுவர்ப் பலகை. மழலையர் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தராத சொற்கள் அவை. ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைத்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பொருள் என்னவென்றே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாடிப்படி இறங்கித் தம்பியிடம் போவேன்.

"டேய், செவுத்துல குறுக்க ஒரு கட்டைய அடிச்சு, அது மேல பலகைய வச்சு ஆணி அடிப்பாங்கள்ல, அதுக்கு என்ன பேரு?"

"ரீப்பரு."

"இங்கிலீஷ்ல?"

"ரீப்பர்தான்க்கா இங்கிலீஷே."

அகராதிகள் அப்படிச் சொல்லவில்லை. லண்டனில் அந்தச் சொல்லைச் சொன்னால் கதிர் அறுப்பவன் என்று நினைப்பார்கள். அதை அவனிடம் சொன்னேன்.

"அவுங்களுக்குத் தெர்ல, இன்னா பண்றது" என்றான். "சரி, நார்வேல இன்னான்றாங்க?"

"ஸ்பீக்கர்ஸ்லாக். ஆணி அடி வாங்குற எடம்னு அர்த்தம்."

தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கடைக்கு வந்திருந்த ஒரு ஆசாரியிடம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அம்மாவிடம் தூத்துக்குடித் தமிழும் கல்லாவில் உட்கார்ந்தால் ராயபுரத் தமிழும் பேசுகிறவன் அவன். மூன்றாவதாக ஒரு மொழியிலிருந்து ஒரு சொல் கிடைத்ததில் அவனுக்கு ஒரு பெருமை.

எனக்கு ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஒன்று காத்திருந்தது. பலகையில் இருக்கிற கணுவை ஆங்கிலத்தில் முடிச்சு என்பார்கள். நார்வேயில் அதற்கு 'க்விஸ்ட்' என்று பெயர். க்விஸ்ட் என்றால் சிறு கிளை. கிளை வெட்டுப்பட்டு, மரம் அறுபட்டு, பலகையாகிச் சுவருக்கே போய்விட்ட பிறகும் அதைக் கிளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரத்தின் நடுப்பகுதிக்கு 'மார்க்' என்று பெயர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கும் அதே சொல். சுவரில் பாதி உயரம் வரைக்கும் அடிக்கிற பலகைக்குப் 'ப்ரிஸ்ட்பானெல்', அதாவது மார்புப் பலகை. ஒரு ஆள் நின்றால் அவன் மார்பு வரைக்கும் வரும், அதனால் அந்தப் பெயர். ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போது கிளையும் மஜ்ஜையும் மார்பும் கழன்று விழுந்துவிடும். சரியான கலைச்சொற்களைத்தான் போட்டேன். போட்டுவிட்டு, கழன்று விழுந்ததையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்த வாக்கியம் ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லாக் கையேட்டிலும் அது வரும். 'மரம் வேலை செய்கிறது.' ஈரம் பட்டால் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மரம் 'அசைகிறது' என்று எழுத வேண்டும். அப்படித்தான் எழுதி வந்தேன். ஆனால் வெட்டிக் காயவைத்து ஆணி அடித்த பிறகும் ஒன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவேன். இத்தனைக்கும் அதுவரை நான் அந்தப் பலகைகளில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. அங்கே நான் இருந்த வீட்டின் சுவர் அந்தப் பலகைதான். ஆனால் அப்போது எனக்கு அது வெறும் சுவர்.

போன வருடம் தம்பி ஒரு காகிதக் கட்டோடு மாடிக்கு வந்தான்.

"அக்கா, இது உன் பாஷை தான?"

துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் கப்பல் ஊழியர்கள் வந்து தங்கி இளைப்பாறுகிற சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வாசிப்பறையைப் புதுப்பிக்கிறார்கள். நார்வேயில் யாரோ ஒரு பழைய கப்பல் குடும்பத்தினர், அறை முழுவதற்கும் வேண்டிய சுவர்ப் பலகையைக் கப்பலில் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வந்துவிட்டது. ஆணியும் திருகாணியும் தம்பி கடையில் சொல்லியிருந்தார்கள். பலகையோடு வந்த கையேடு முழுக்க நார்வே மொழி. விடுதியின் பொறியாளர் ஆங்கிலத்தில் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடங்கலாம்.

மறுநாள் காலையில் நானும் போனேன். விடுதியைப் பார்த்துக்கொள்பவர் திருவொற்றியூர்க்காரர். கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். தச்சு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி வியாசர்பாடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கால்பந்து ஆடுகிறவர் என்பது நடையிலேயே தெரியும். அவரோடு அவர் தம்பியும் மச்சானும் வேலை செய்தார்கள்.

மேஸ்திரி பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த பலகைகள் வெண்ணெய் நிறத்தில் இருந்தன. பிசினும் எலுமிச்சையும் கலந்தாற்போல ஒரு வாசனை அறைக்குள் நிறைந்தது. வெளியே கருவாட்டு வாசனையும் டீசல் வாசனையும் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் வேறு ஒரு காற்று. நான் விளிம்பில் விரலை வைத்து ஓட்டினேன். இது காடி. இது இறகு. இத்தனை வருடமாக நான் வாக்கியங்களுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது இது. ஒரு பலகையை எடுத்து இன்னொன்றில் செருகிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

மேஸ்திரி ஒரு பலகையின் வெட்டுமுனையை வெளிச்சத்துக்குக் காட்டினார். மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

"யக்கா, இங்க பாரேன். ஒரு கோடு ஒரு வருசம் தான? ஒரு வெரல் தண்டிக்குள்ள எத்தினி கோடு கீது பாரு. இது எப்போ மொளச்சி, எப்போ வளந்து..."

"அங்க வெயில் கொஞ்ச நாள்தான். அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் வளரும்."

"இம்மாம் வருசம் நின்னது இங்க வந்து படுத்துகினு கீதா?" என்றார். பலகையைத் தரையில் மெதுவாகப் படுக்க வைத்தார்.

அன்று மத்தியானமே மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியம். பலகைகளை ஒன்றோடொன்று நன்றாக இறுக்கிச் சேர்த்து அடிக்கவும். குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது இடைவெளி தெரியாமல் இருக்கும். ஆங்கிலத்தில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிய பிறகுதான் உறுத்தியது.

அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு எரியும். காற்று அப்படிக் காயும். என் உதடு வெடிக்கும். சுவர்ப் பலகைக்கு நடுவே கருப்பாகக் கோடு விழும். அந்த வாக்கியம் பொய் இல்லை. ஆனால் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு ஒவ்வொரு ஐப்பசியும் ஊதிக்கொள்ளும். தம்பி அதை உதைத்துத்தான் திறப்பான். இங்கே மரம் சுருங்கப் போவதில்லை, விரியப் போகிறது. இறுக்கி அடித்த பலகைகள் விரிந்தால் எங்கே போகும்?

வாக்கியத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. வாக்கியம் சரி. ஊர்தான் வேறு. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"எனக்குத் தேக்கு தெரியும், வேம்பு தெரியும், பிளைவுட்டு தெரியும். இத்த நான் இப்பதான் பாக்குறேன். மழையில இன்னா பண்ணும்னு மெய்யாலுமே தெரியாதுக்கா" என்றார்.

கையேட்டின் பின்னட்டையில் பலகை அறுத்த ஆலையின் முகவரி இருந்தது. நார்வே மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை. மறுநாள் மாலை ஒரு அம்மாள் போனில் கூப்பிட்டார். அந்தக் கையேட்டை எழுதியவரே அவர்தான். குரலுக்குப் பின்னால் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. நார்வேயில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை, எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். ஆனால் தமிழில் எங்கள் பேச்சை 'நீ' என்று எழுத என் கைக்கு வராது.

"நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"சென்னையில். கடலுக்கு நடந்தே போய்விடலாம்."

"குளிர்காலத்தில் எப்படி இருக்கும்?"

"குளிர்காலம் கிடையாது. மழைக்காலம் உண்டு. அப்போது உப்பு டப்பாவுக்குள் தண்ணீர் விட்டுக்கொள்ளும்."

அவர் யாரையோ கூப்பிட்டு ரம்பத்தை நிறுத்தச் சொன்னார்.

"எங்கள் பலகை அங்கே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது" என்றார். "தெரிந்த மாதிரி எதையாவது சொல்லிவிடலாம். ஆனால் அது சுவரில் தெரிந்துவிடும்."

மரத்தோடு வாழ்கிறவர். அந்தக் கையேட்டின் ஒவ்வொரு வரியும் அவருடையது. அவரும் தெரியாது என்கிறார், மேஸ்திரியும் தெரியாது என்கிறார். இரண்டு பேரும் ஒரே மாதிரி, வெட்கப்படாமல்.

"அப்படியானால் என்ன செய்வது?"

"மரத்தையே கேட்போம்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். பலகைகளைப் பிரித்து அந்த அறையிலேயே பரப்பி வைக்க வேண்டும். பிறகு மூன்று சட்டம் அடித்து, ஒவ்வொன்றிலும் சில பலகைகளைப் பொருத்த வேண்டும். ஒன்றில் கையேட்டில் உள்ளபடி இறுக்கமாக. இன்னொன்றில் கொஞ்சம் இடைவெளி விட்டு. மூன்றாவதில் அதைவிட அதிகம் விட்டு. மழை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

விடுதிப் பொறுப்பாளரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அறையைச் சீக்கிரம் திறக்கவேண்டும் என்று அவருக்கு நெருக்கடி. அவர் ஜன்னல் வழியாகத் துறைமுகப் பக்கம் பார்த்தார்.

"எத்தனையோ கப்பல் உள்ள வர எடம் கெடைக்காம வெளிய நங்கூரம் போட்டு நிக்குதும்மா. ஒரு செவுரு நின்னா என்ன? நிக்கட்டும்" என்றார்.

மேஸ்திரி சட்டம் அடித்தார். இடைவெளிக்கு அளவு என்ன வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஏடிஎம் அட்டையை எடுத்து இரண்டாவது சட்டத்தின் பலகைகளுக்கு நடுவே செருகினார். மூன்றாவதுக்குத் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார். அட்டை அளவு ஒன்று, தீக்குச்சி அளவு ஒன்று. வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டார்.

"இனிமே இன்னா? இத்தயே மொறச்சி பாத்துகினு குந்த வேண்டிதுதான்" என்றார். அவர்கள் மூவரும் கொருக்குப்பேட்டையில் வேறு ஒரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் மட்டும் வாரத்தில் இரண்டு மூன்று முறை போய்ப் பார்ப்பேன். புரட்டாசி வெயில் தகித்துக்கொண்டிருந்தது. மரம் எதுவும் செய்யவில்லை. தீக்குச்சியைச் செருகினால் செருகியபடி நிற்கும். எடுத்தால் வரும். மூன்று சட்டமும் பள்ளிக்கூடத்துப் பலகை மாதிரி சுவரில் சாய்ந்து கிடந்தன. தம்பி கேலி பேசினான். "இன்னாக்கா, மரம் வேலைக்குப் போச்சா, லீவா?"

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் சாரல். இரண்டாவது நாள் கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்றாவது நாள் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் விடுதிக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பெரிய கிரேன்கள் இருந்த இடத்தில் வெள்ளையாக மழைதான் நின்றது. அறைக்குள் ஒரு ஈரப் புழுக்கம். இரண்டாவது சட்டத்தில் என் ஏடிஎம் அட்டையைச் செருகப் போனேன். நுழையவில்லை. மூன்றாவதில் தீக்குச்சியை வைத்தேன். போனது, ஆனால் உரசிக்கொண்டு போனது.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். யாரும் தொடவில்லை. யாரும் தள்ளவில்லை. வெளியே பெய்கிற மழையைச் சுவரே இல்லாத மாதிரி அந்தப் பலகைகள் குடித்திருந்தன. எங்கேயோ பனிக்குள் நின்ற மரம், என் ஊர் மழையைத் தெரிந்துகொண்டுவிட்டது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் நனைந்துகொண்டே வந்தார்கள். பொறுப்பாளரும் வந்து நின்றார். ஆலைக்கார அம்மாளை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை. அவர் தலையில் கம்பளித் தொப்பி. நான் போனை ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் கொண்டு போனேன். இறுக்கி அடித்த முதல் சட்டத்தில் பலகைகள் நடுவில் லேசாக மேலெழும்பி இருந்தன, மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிற மார்பு மாதிரி.

"போனை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். யாரும் பேசாதீர்கள்" என்றார்.

வைத்தேன். மழைச் சத்தம். எங்கோ ஒரு கப்பலின் சங்கு. பிறகு ஒன்றுமில்லை. மேஸ்திரியின் தம்பி தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று முதல் சட்டத்துக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். விரலைச் சொடுக்கியது போல. எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம். ஒரு பலகையின் இறகு காடியிலிருந்து விடுபட்டு மேலே எழுந்துவிட்டது.

போனுக்குள்ளிருந்து அந்த அம்மாள், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போலச் சின்னக் குரலில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்லுது அந்தம்மா?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் குரலும் தணிந்திருந்தது.

"மரம் வேலை செய்யுதாம்."

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஆமாம்பா" என்றார். "நாமதான் சும்மா நின்னுகினு கீறோம்."

அவர் தம்பியும் மச்சானும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அதை நார்வே மொழியில் அந்த அம்மாளுக்குச் சொன்னேன். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பின்னால் திரும்பி யாருக்கோ அதைச் சொன்னார். அங்கேயும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வருட மொழிபெயர்ப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை.

மழை நின்று சில நாள் கழித்து மூன்றாவது சட்டத்தைப் பார்த்தோம். மயிரிழை அளவு கோடு மட்டும் தெரிந்தது. பலகைகள் தட்டையாக, நேராக இருந்தன. தீக்குச்சி அளவுதான் என்று முடிவானது. பொறியாளருக்கான ஆங்கிலப் படியில், இறுக்கி அடிக்கச் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே வைத்து, கீழே ஆலையின் ஒப்புதலோடு ஒரு குறிப்புச் சேர்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "தீக்குச்சின்னு போட்டிருக்கீங்களே, மில்லிமீட்டர்ல போட முடியாதா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி குச்சியை வைத்துத்தான் அடித்தார்.

மழைக்காலம் முடிந்து மிச்சப் பலகைகள் பழையபடி காய்ந்த பிறகு, சுவர் எழும்பியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் ரீப்பர். அதன்மேல் முதல் பலகை, நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து. இறகுக்கு அடியில் சாய்வாக ஆணி, அடுத்த பலகை வந்ததும் ஆணித்தலை மறைந்துவிடும். மேஸ்திரி ஒரு குச்சியை வைப்பார், தட்டுவார், குச்சியை எடுப்பார். ஓரத்துக்கு வந்ததும் மச்சான் சுவரின் மேல்விளிம்பை மூடும் பட்டையைப் பிடிக்க, மேஸ்திரியின் தம்பி அடிக்க, நான் மனதுக்குள் ஒவ்வொன்றின் பெயரையும் மூன்று மொழியில் சொல்லிக்கொண்டே நின்றேன். சொற்கள் எழுந்து நின்று ஒரு அறையாக ஆவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

தை பிறந்து சில வாரத்தில் அந்த நிறுவனம் எனக்கு ஒரு வேலை அனுப்பியது. அதே ஆலை, அதே கையேடு, புதிய பதிப்பு. நார்வே மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு. மூன்றாவது பக்கத்தில் ஒரு புதிய பத்தி. காற்றில் ஈரம் மிகுந்த வெப்பக் கடற்கரை ஊர்களில், மழைக்காலத்துக்கு முன்பு அடிப்பதாக இருந்தால், பலகைகளுக்கு இடையே ஒரு தீக்குச்சியின் தடிமன் இடைவெளி விடவும். மில்லிமீட்டர் அளவும் பக்கத்திலேயே இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. மேஸ்திரி தீப்பெட்டியிலிருந்து எடுத்த குச்சி, கடல் தாண்டிப் போய், அவருக்கு அந்நியமான ஒரு மொழிக்குள் அச்சாகி, மொழிபெயர்க்கச் சொல்லி என் மேஜைக்கே வந்திருந்தது. அந்தப் பத்தியை முடிக்க எனக்கு அரை நாள் ஆனது. கடினமான சொல் அதில் ஒன்றுகூட இல்லை.

கடைக்கு ஓடிப்போய்த் தம்பியிடம் காட்டினேன். அவனுக்கு அந்த மொழியைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த வரியில் விரலை வைத்து, "இதுதான் தீக்குச்சியா?" என்று கேட்டு, போனில் படம் பிடித்து மேஸ்திரிக்கு அனுப்பினான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி தன் மனைவியை அழைத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். அறையில் அப்போது யாரும் இல்லை. கப்பல் ஊழியர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். அவர் மனைவி புளியந்தோப்பில் ஒரு தையல் கடையில் வேலை செய்பவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார்.

"தொட்டுப் பாரேன், ஒண்ணியும் ஆவாது" என்றார் மேஸ்திரி.

அவர் மனைவி கையால் தொடவில்லை. திரும்பி நின்று, முதுகைச் சுவரில் மெதுவாகச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"செவுரு மாரியே இல்லயே" என்றார். "நம்ம பின்னால ஒர்த்தர் முதுவு குடுத்துகினு குந்தியிருந்தா எப்டி இருக்கும், அப்டி கீது."

மேஸ்திரி அவர் பக்கத்தில் போய்ச் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். உண்மைதான். சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை. பொறுப்பாளர் தட்டில் டீ கொண்டு வந்தவர், மூன்று பேரும் வரிசையாக முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். பிறகு தட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் அவரும் வந்து சாய்ந்துகொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.